பனிமுயல்களின் எண்ணிக்கை சரிவது லின்க்ஸாலா, உணவுக் குறைவாலா? தைகா காட்டின் உணவுச் சங்கிலி குறித்து ஓர் ஐயம்

உயிரியல் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். கனடா, அலாஸ்கா, ஸ்காண்டிநேவியா, சைபீரியா எனப் பூமியின் வடபுலத்தைச் சுற்றிப் பட்டையாகப் படர்ந்திருக்கும் தைகா எனும் ஊசியிலைக் காட்டின் உணவுச் சங்கிலியைச் சென்ற வாரம் நடத்தினேன். கரும்பலகையில் நான் வரைந்தது வழக்கமான படம்தான். வில்லோ புதர் உற்பத்தியாளர்; அதை மேயும் பனிமுயல் முதல்நிலை நுகர்வோர்; முயலைப் பிடித்துண்ணும் லின்க்ஸ் எனும் காட்டுப்பூனை இரண்டாம்நிலை நுகர்வோர். பனிமுயல் என்று நான் குறிப்பிடுவது, பின்னங்கால் பாதம் அகன்று இருப்பதால் பனியில் புதையாமல் ஓடக்கூடியதும், கோடையில் பழுப்பாகவும் குளிர்காலத்தில் வெண்மையாகவும் மாறுவதுமான வட அமெரிக்க முயலை.

படத்தை வரைந்த பிறகு, கனடாவில் விலங்குத் தோல் வணிகம் செய்த ஹட்சன் பே கம்பெனியின் தோல் கணக்குகளிலிருந்து எடுத்த, எல்லாரும் அறிந்த வரைபடத்தையும் காட்டினேன். ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை முயல்களின் எண்ணிக்கை ஏறி இறங்குகிறது. லின்க்ஸின் எண்ணிக்கை அதன் பின்னாலேயே ஏறி இறங்குகிறது. அப்போது இரண்டு மாணவர்கள் கேட்ட கேள்விகளுக்கு என்னால் நிறைவாக விடை சொல்ல முடியவில்லை.

முதல் மாணவி கேட்டது: "முயல் குறைவது லின்க்ஸ் தின்று தீர்த்ததாலா, அல்லது முயல்களே புதர்களைத் தின்று தீர்த்துவிட்டு உணவில்லாமல் சாகின்றனவா?" இரண்டாவது மாணவன் வரைபடத்தின் நடுப்பகுதியில் விரலை வைத்து, "இங்கே லின்க்ஸ் முதலில் ஏறுகிறது, முயல் பிறகுதான் ஏறுகிறது. அப்படியென்றால் இங்கே முயல்தான் லின்க்ஸைத் தின்றதா டீச்சர்?" என்றான். வகுப்பு சிரித்தது. ஆனால் அவன் விரல் வைத்த இடத்தில் கோடுகள் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தன.

இவை போக, என்னிடமுள்ள பயிற்சி வினாக்களில், "லின்க்ஸ்களை முழுமையாக நீக்கிவிட்டால் என்ன நிகழும்?" என்ற வினாவுக்கு, "முயல்கள் கட்டுக்கடங்காமல் பெருகித் தாவரங்களை அழித்துவிடும்" என்று விடை கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்த விடை சரிதானா என்பதும் இப்போது எனக்கு ஐயமாகிவிட்டது. இத்துறை அறிந்தவர்கள் விளக்கினால், மாணவர்களிடம் அடுத்த வாரம் சரியானதைச் சொல்ல இயலும்.

விலங்கியல் பேராசிரியர் (ஓய்வு) எழுதியது:

அம்மா, வணக்கம். உங்கள் மாணவி கேட்ட கேள்விக்கு விடை தேடுவதற்காகவே, கனடாவின் யூகான் பகுதியில் பத்தாண்டுக் காலம் ஒரு காட்டையே சோதனைக்கூடமாக்கி உழைத்திருக்கிறார்கள். மாணவனின் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

சார்லஸ் எல்டன் என்ற ஆங்கிலேய உயிரியலாளர் 1924-இல், விலங்குகளின் எண்ணிக்கை கால ஒழுங்கோடு ஏறி இறங்குவது பற்றி எழுதியபோது, ஹட்சன் பே கம்பெனியின் தோல் கணக்குகளைப் பயன்படுத்தினார். அந்த நிறுவனம் 1670-இல் தொடங்கப்பட்டது. எந்த ஆண்டில் எத்தனை தோல்கள் வந்தன என்று வணிகத்துக்காக எழுதி வைத்த ஏடுகள், பிற்காலத்தில் சூழலியலின் அரிய ஆவணங்களாயின. இன்று நாம் பாடத்தில் கற்பிக்கும் உணவுச் சங்கிலி, எண்ணிக்கைப் பிரமிடு ஆகிய கருத்துகளை 1927-இல் தெளிவாக வகுத்துக் கொடுத்தவரும் அவரே. ஆனால் ஏடுகளைப் பார்த்து, ஒன்றன்பின் ஒன்றாக இரு கோடுகள் ஏறி இறங்குகின்றன என்று சொல்லலாமே தவிர, எது எதற்குக் காரணம் என்று சொல்ல இயலாது. அதற்குக் காட்டிலேயே எதையாவது மாற்றிப் பார்க்க வேண்டும்.

அதைச் செய்தவர்கள் சார்லஸ் கிரெப்ஸ் என்ற சூழலியலாளரும் அவருடைய குழுவினரும். யூகானின் தென்மேற்கு மூலையில் க்ளுவானி ஏரியை ஒட்டிய பள்ளத்தாக்கில், 1986 முதல் 1996 வரை அந்தப் பெருஞ்சோதனை நடந்தது. வெள்ளை ஸ்புரூஸ் மரங்களும், அவற்றினூடே வில்லோவும் குட்டைப் பிர்ச்சும் அடர்ந்த காடு அது. ஒவ்வொன்றும் ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, சிலவற்றை அப்படியே விட்டுவிட்டார்கள். சிலவற்றில் ஆண்டு முழுவதும் முயல்களுக்குத் தீவனம் இட்டார்கள். ஒன்றைச் சுற்றி மின்வேலி அமைத்தார்கள். முயல்கள் உள்ளே வெளியே போய்வரலாம், லின்க்ஸும் கயோட்டி எனும் நரியினமும் நுழைய முடியாது. இன்னொன்றில் வேலியும் தீவனமும் சேர்ந்தே இருந்தன. வேறு சில பகுதிகளில் உரம் தூவி, புதர்கள் செழித்தால் முயல் பெருகுகிறதா என்றும் பார்த்தார்கள். உறைநிலைக்குக் கீழே நாற்பது டிகிரி வரை இறங்கும் குளிரில், மின்வேலியில் மின்சாரம் நிற்காமல் ஓடுகிறதா என்று நாள்தோறும் சரிபார்ப்பதே ஒரு பெரும் வேலை.

முடிவுகளை, எதையும் மாற்றாமல் அப்படியே விட்ட பகுதிகளோடு ஒப்பிட்டு 1995-இல் வெளியிட்டார்கள். எண்ணிக்கை உச்சத்திலும் அதைத் தொடர்ந்த சரிவிலும் சராசரியாகப் பார்த்தால், வேலி மட்டும் இருந்த இடத்தில் முயல் அடர்த்தி இரண்டு மடங்கு. தீவனம் மட்டும் இட்ட இடத்தில் மூன்று மடங்கு. இரண்டும் சேர்ந்த இடத்தில் பதினொரு மடங்கு. உரமிட்ட இடத்தில் புதர்கள் நன்றாக வளர்ந்தன, முயல்கள் குறிப்பிடும்படி பெருகவில்லை.

இந்தப் பதினொன்று என்ற எண்ணைத்தான் நீங்கள் வகுப்பில் எழுதிப் போட வேண்டும். பசியும் வேட்டையும் தனித்தனியே இயங்கும் இரு காரணங்களாக இருந்தால், இரண்டையும் மூன்றையும் பெருக்கி ஆறு மடங்கு கிடைத்திருக்கும். கிடைத்ததோ அதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. பசித்த முயல், மறைவான அடர்புதரை விட்டு வெளியே வந்து, ஆபத்தான இடத்தில் நீண்ட நேரம் மேய வேண்டியிருக்கிறது. அங்கேதான் அது பிடிபடுகிறது. மறைவிலேயே இருந்துவிட்டாலோ உடல் மெலிந்து, குட்டிகள் குறைகின்றன. ஆகவே ஒரு காரணம் இன்னொன்றைக் கூர்மையாக்குகிறது.

இன்னும் ஒரு செய்தி. முயல்களுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை பூட்டி விட்டிருந்தார்கள். முயல் அசைவற்றுக் கிடந்தால் பட்டையின் ஒலிக்குறியின் வேகம் மாறும். உடனே ஆய்வாளர்கள் அங்கு சென்று, பனியில் பதிந்த தடம், பிய்த்தெறிந்த முடி, எலும்பில் இருக்கும் பற்குறி, எச்சம் ஆகியவற்றைப் பார்த்து எது கொன்றது என்று குறித்தார்கள். அவ்வாறு குறிக்கப்பட்ட இறப்புகளில் மிகப் பெரும்பாலானவை வேட்டையால் நேர்ந்தவை. பட்டினியால் மட்டும் இறந்தவை மிகச் சில. எனவே உங்கள் மாணவிக்குச் சொல்லுங்கள்: அந்த முயலின் உயிரை எடுப்பது பெரும்பாலும் கொன்றுண்ணிதான், அதைக் கொன்றுண்ணியின் வாயருகே கொண்டு சேர்ப்பதில் பசிக்கும் பங்குண்டு.

வேலியும் தீவனமும் இருந்த பகுதியிலும் கடைசியில் சரிவு வந்தது, தாமதமாக வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வேலி நான்கு கால் வேட்டை விலங்குகளைத்தான் தடுக்கும். பெரிய கொம்பு ஆந்தைக்கும், காஷாக் எனும் வல்லூறுக்கும் வேலி ஒரு பொருட்டல்ல. முயல்களும் வேலியைத் தாண்டி வெளியே போய்க் கொண்டிருந்தன.

உயிரியல் ஆசிரியை எழுதியது:

ஐயா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. பதினொரு மடங்கு என்பதை ஆறு மடங்கோடு ஒப்பிட்டு விளக்கியது மிகவும் தெளிவாக இருந்தது. அதை அப்படியே வகுப்பில் கணக்காகவே கொடுக்கப் போகிறேன்.

தங்கள் பதிலிலிருந்து இன்னொரு ஐயம் எழுகிறது. கயோட்டி, ஆந்தை, வல்லூறு எல்லாம் அதே முயலைத்தான் உண்கின்றன என்றால், லின்க்ஸை மட்டும் சங்கிலியின் நுனியில் வரைவது சரியாகுமா? மேலும், மாணவர்கள் எப்போதும் கேட்பது சிவப்பு அணிலைப் பற்றி. ஸ்புரூஸ் கூம்பின் விதையைத் தின்பதால் அதை முதல்நிலை நுகர்வோர் என்றே எழுதச் சொல்கிறோம். அதில் மாற்றம் ஏதும் உண்டா?

யூகான்வாசி எழுதியது:

வணக்கம் அம்மா. நான் ஆய்வாளன் அல்லன். வேலை நிமித்தமாக யூகானில் பல ஆண்டுகளாக வாழ்கிறேன். காட்டில் நடப்பது எனக்கு மிகவும் பிடித்த பழக்கம். க்ளுவானி பள்ளத்தாக்கு வழியாகப் பலமுறை பயணம் செய்திருக்கிறேன். அணில் பற்றி நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

பனிமுயல் குட்டிகள் கண் திறந்து, உடல் முழுவதும் முடியோடு பிறக்கின்றன. தாய் அவற்றுக்குக் கூடு எதுவும் அமைப்பதில்லை. பிறந்த சில நாட்களிலேயே குட்டிகள் ஆளுக்கொரு மறைவில் தனித்தனியாகப் பதுங்கிவிடும். நாளுக்கு ஒருமுறை, அந்தி சாய்ந்த பிறகு, தாய் வந்து சில நிமிடங்கள் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். எஞ்சிய நேரமெல்லாம் அந்தக் குட்டிக்கு அசையாமல் இருப்பது ஒன்றே பாதுகாப்பு. அந்த நாட்களில் அவற்றைத் தேடிப் பிடித்துத் தின்பவற்றில் முதன்மையானவை, நாம் சாதுவானவை என்று நினைக்கும் சிவப்பு அணிலும் ஆர்க்டிக் தரை அணிலும்தான். க்ளுவானியில் குட்டிகளுக்கு மிகச் சிறிய ரேடியோ கருவி ஒட்டிப் பின்தொடர்ந்தவர்கள் கண்டறிந்தது இது. கால் கிலோ எடையுள்ள அணில் ஒன்று முயல்குட்டியை இழுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போவதை நானே ஒரு ஜூன் மாதத்தில் பார்த்திருக்கிறேன். பார்த்த அன்று என் கண்ணை நம்ப மனம் வரவில்லை.

ஆகவே அணில், ஆகஸ்டில் கூம்புகளைக் கடித்து வீழ்த்தி, தன் மரத்தடிக் களஞ்சியத்தில் ஆயிரக்கணக்கில் புதைத்து வைக்கும்போது முதல்நிலை நுகர்வோர். ஜூனில் முயல்குட்டியைத் தின்னும்போது இரண்டாம்நிலை நுகர்வோர். முயல்கள் அருகிப்போன ஆண்டுகளில் லின்க்ஸ் அந்த அணிலையே வேட்டையாடத் தொடங்கும். ஒரே விலங்கு, சங்கிலியில் முயலுக்குப் பக்கத்திலும் முயலுக்கு மேலும் இருக்கிறது. காளான்களைப் பறித்து வந்து கிளைக்கவட்டில் உலர வைப்பதையும் சேர்த்துக்கொண்டால், சிதைப்பவற்றையும் உண்ணும் உயிரி என்றும் எழுத வேண்டியிருக்கும்.

மாணவர்களுக்குக் காட்டக்கூடிய இன்னொரு சிறு விஷயம் உண்டு. முயல் கடித்த கிளையையும் மூஸ் எனும் பெரிய மான் கடித்த கிளையையும் பார்த்தவுடன் வேறுபடுத்திவிடலாம். முயலுக்கு மேலும் கீழும் கூரிய வெட்டுப்பற்கள் இருப்பதால், கத்தியால் சாய்வாகச் சீவியது போல் கிளைநுனி சுத்தமாக இருக்கும். மூஸுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. அது கிளையைப் பிடித்து இழுத்து முறிப்பதால் நுனி நாராக நைந்து கிடக்கும். பனி உருகிய பிறகு நடந்து பார்த்தால், அந்தச் சாய்வு வெட்டுகள் என் இடுப்புயரத்தில் இருக்கும். முயல் அவ்வளவு உயரம் எட்டியதா என்று முதன்முறை வியந்தேன். அது நின்றிருந்தது ஒரு மீட்டர் பனியின் மேல் என்பது பிறகுதான் விளங்கியது.

முயல் மிகுந்த குளிர்காலங்களில் பனியில் அவை ஓடியோடித் தேய்த்த ஒற்றையடிப் பாதைகள் புதருக்குப் புதர் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். அருகிய குளிர்காலங்களில் அரை நாள் நடந்தாலும் ஒரு தடம் கண்ணில் படாது. இங்குள்ள டட்சோன் பழங்குடி மக்களின் முன்னோர் அந்தப் பாதைகளில் கண்ணி வைத்து முயல் பிடித்து உண்டவர்கள். முயலில்லாத ஆண்டுகள் அவர்களுக்கும் கடினமான ஆண்டுகள். உங்கள் படத்தில் நுகர்வோர் வரிசையில் மனிதரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மண்ணியல் மாணவன் எழுதியது:

மேலே பெரியவர்கள் எழுதியவற்றில் சொல்லப்படாத ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். நாம் முயலையும் லின்க்ஸையும் பற்றியே பேசுகிறோம். ஆனால் அந்தக் காட்டில் தாவரங்கள் உற்பத்தி செய்வதில் பெரும்பகுதி எந்த விலங்கின் வாய்க்கும் போவதில்லை. பொதுவாகக் காடுகளில், உற்பத்தியாகும் தாவரப் பொருளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே உயிரோடு மேயப்படுகிறது. எஞ்சியது ஊசியிலையாகவும் பட்டையாகவும் கட்டையாகவும் தரையில் விழுந்து, பூஞ்சைகளிடமும் பாக்டீரியாக்களிடமும் போய்ச் சேருகிறது. தைகாவில் குளிர் மிகுதி. ஊசியிலையில் மெழுகும் பிசினும் மிகுதி. மண் அமிலத்தன்மை கொண்டது. அதனால் அங்கே சிதைவு மிக மெதுவாக நடக்கிறது. விழுந்த ஊட்டம் மீண்டும் வேருக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆகின்றன.

நைட்ரஜன் பற்றாக்குறையே அந்தக் காட்டின் நிரந்தர வறுமை என்று சொல்லலாம். வட ஸ்காண்டிநேவியாவின் காட்டுத்தரையை மெத்தை போல் மூடியிருக்கும் இறகுப் பாசியின் இலைகளுக்குள் நாஸ்டாக் எனும் நீலப்பச்சை நுண்ணுயிரி வாழ்ந்து, காற்றிலுள்ள நைட்ரஜனை ஆண்டுக்கு எக்டேருக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ அளவில் நிலைநிறுத்துகிறது என்று 2002-இல் கண்டறிந்தார்கள். நம் வயலுக்கு ஒரு போகத்தில் இடும் யூரியாவோடு ஒப்பிட்டால் இது ஒரு கைப்பிடி. ஆனால் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏங்கும் அந்த மண்ணுக்கு அது பெரிய வரவு. உணவுச் சங்கிலியின் முதல் கண்ணி என்று வில்லோவை வரையும்போது, அதற்கும் கீழே இந்தப் பாசியை வரையலாமே என்பது என் விருப்பம்.

மெதுவாகச் சிதையும் அந்தக் குப்பையை ஒரே நாளில் சாம்பலாக்குவது காட்டுத்தீ. தீப்பட்ட இடத்தில் முதலில் தழைப்பவை வில்லோ, பிர்ச், ஆஸ்பென் போன்ற அகன்ற இலைத் தாவரங்கள். அவை அடர்ந்து, மறைவும் தீனியும் ஒருங்கே கிடைக்கும் காலத்தில்தான் பனிமுயல்கள் அங்கே குடியேறிப் பெருகுகின்றன. முதிர்ந்து இருண்ட ஸ்புரூஸ் காட்டில் அவற்றுக்குத் தின்ன அவ்வளவாக இல்லை. புதர்களும் சும்மா இருப்பதில்லை. முயல்கள் கடித்த பிறகு துளிர்க்கும் இளம் பிர்ச் கிளைகளில் பிசின் மிகுந்திருக்கும். முயல் அவற்றைப் பசித்தாலும் ஒதுக்கும். கிளை கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் அதெல்லாம் முயலுக்கு உணவு என்று கணக்கிட முடியாது.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். கிழக்குக் கனடாவில் ஸ்புரூஸ் மொட்டுப்புழு எனும் அந்துப்பூச்சியின் புழு, முப்பது நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை பெருக்கெடுத்து, பால்சம் ஃபிர் மரங்களை மொட்டையடித்துவிடும். அப்போது மட்டும் அந்தக் காட்டின் முதன்மையான முதல்நிலை நுகர்வோர் முயலுமல்ல, மூஸுமல்ல. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அந்தப் புழு. அதைத் தின்று வாழும் சில வார்ப்ளர் குருவிகளின் எண்ணிக்கையும் புழுவோடு சேர்ந்தே பெருகி, புழுவோடு சேர்ந்தே குறைகிறது.

விலங்கியல் பேராசிரியர் (ஓய்வு) எழுதியது:

யூகானில் வாழும் நண்பருக்கும் தம்பிக்கும் நன்றி. ஆசிரியை அம்மா கேட்ட எஞ்சிய இரண்டுக்கும் விடை சொல்லிவிடுகிறேன்.

லின்க்ஸை நீக்கினால் என்ன நிகழும் என்ற வினாவுக்குத் தரப்பட்டிருக்கும் விடை, க்ளுவானி போன்ற இடத்துக்குப் பொருந்தாது. அங்கே கயோட்டி உண்டு, ஆந்தை உண்டு, வல்லூறு உண்டு, குட்டிகளுக்கு அணில் உண்டு. முயல் உச்சத்தை எட்டிய மறு ஆண்டில் லின்க்ஸும் கயோட்டியும் உச்சத்தை எட்டின. பள்ளத்துக்கும் உச்சத்துக்கும் இடையே அவற்றின் எண்ணிக்கை ஆறு, ஏழு மடங்கு மாறியது. கயோட்டிகள் குளிர்காலத் தொடக்கத்திலேயே தேவைக்கு மேல் முயல்களைக் கொன்று, பனியில் புதைத்து வைத்துப் பிறகு எடுத்துத் தின்றன. லின்க்ஸ் இல்லையென்றால் அந்த இடத்தில் ஒரு பகுதியை இவை நிரப்பும். அந்தச் சங்கிலியின் நுனியில் ஒரே விலங்கு இல்லை என்ற உங்கள் ஐயம் சரியானதே.

ஆனால் சங்கிலி உண்மையிலேயே சங்கிலியாக இருக்கும் இடமும் உண்டு. அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியிலுள்ள ஐல் ராயல் தீவை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். அங்கே மூஸைக் கொல்லும் ஒரே விலங்கு ஓநாய். ஓநாயின் முதன்மையான இரை மூஸ். குளிர்காலத்தில் மூஸின் முதன்மையான தீனி பால்சம் ஃபிர். 1958 முதல் எண்ணிக்கை எடுத்து வருகிறார்கள். 1980-இல் ஐம்பதாக இருந்த ஓநாய்கள், நாய்களிடமிருந்து பரவிய பார்வோ வைரஸ் நோயால், 1982-இல் பதினான்காகச் சரிந்தன. பிறகு மூஸ்கள் பெருகி 1995-இல் ஏறத்தாழ 2,400-ஐ எட்டின. அடுத்த கடுங்குளிர்காலத்தில் பெரும்பாலானவை தீனியின்றி மாண்டன. அத்தீவின் ஃபிர் மரங்களைத் துளையிட்டு ஆண்டு வளையங்களை அளந்தவர்கள், ஓநாய் குறைந்து மூஸ் மிகுந்த ஆண்டுகளில் வளையங்கள் குறுகியிருப்பதை 1994-இல் காட்டினார்கள். மரத்தின் உள்ளே ஓநாயின் எண்ணிக்கை எழுதப்பட்டிருக்கிறது என்று அந்த வளையங்களைக் காட்டி நான் வகுப்பில் சொல்வதுண்டு. 2018-இல் அங்கே இரண்டே ஓநாய்கள் எஞ்சியிருந்தன. அந்த ஆண்டின் இலையுதிர்காலம் தொடங்கி மறு ஆண்டுக்குள் பத்தொன்பது ஓநாய்களை வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். உங்கள் பயிற்சி வினாவின் விடை இத்தகைய தீவுக்குப் பெரிதும் பொருந்தும்.

முயலுக்குத் திரும்பினால், ஒன்று நீண்ட காலம் எல்லாரையும் குழப்பியது. லின்க்ஸும் குறைந்துவிட்டது, புதர்களும் மீண்டும் தழைத்துவிட்டன. ஆயினும் முயல்கள் உடனே பெருகாமல் இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் பள்ளத்திலேயே கிடக்கின்றன. ஏன்? மைக்கேல் ஷெரிஃப், கிரெப்ஸ், ரூடி பூன்ஸ்ட்ரா ஆகியோர் முயல்களின் எச்சத்தில் கார்ட்டிசால் எனும் அழுத்த ஹார்மோனின் அடையாளங்களை அளந்தார்கள். கொன்றுண்ணிகள் மிகுந்த ஆண்டுகளில் அது மிகுந்திருந்தது. சினையுற்ற முயல்களை வேலியிட்ட அடைப்புக்குள் வைத்து, பழக்கிய நாய் ஒன்றைச் சிறிது நேரம் உலவவிட்டுப் பார்த்தார்கள். நாய் ஒன்றையும் கடிக்கவில்லை. அச்சுறுத்தப்பட்ட தாய்களில் உயிருள்ள குட்டிகளை ஈன்றவை குறைந்தன. பிறந்த குட்டிகளும் சிறியவையாக இருந்தன. தாயின் அழுத்தம் மகளிலும் தொடர்கிறது என்றும் கண்டார்கள். கொல்லப்படாத முயலிலும் லின்க்ஸின் கை இருக்கிறது என்று பொருள். ஆற்றல் ஓட்டத்தைக் காட்டும் அம்புக்குறியில் இதை வரைய வழியில்லை. ஆற்றல் ஒரு கலோரிகூட லின்க்ஸுக்குப் போகவில்லை. ஆயினும் முயல் குறைந்தது. இதை மாணவர்களுக்கு அவசியம் சொல்லுங்கள் என்று உங்களை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இனி உங்கள் மாணவன் விரல் வைத்த இடம். அவன் கேட்டதையே, "முயல்கள் லின்க்ஸைத் தின்கின்றனவா?" என்று கேள்விக்குறியோடு தலைப்பிட்டு, 1973-இல் மைக்கேல் கில்பின் என்ற சூழலியலாளர் ஓர் ஆய்விதழில் எழுதினார். எனவே அந்தப் பையனைப் பாராட்டுங்கள். அந்த வரைபடத்தின் இரு கோடுகளும் ஒரே காட்டில், ஒரே நாளில் எண்ணப்பட்டவை அல்ல. முயல் கணக்கும் லின்க்ஸ் கணக்கும் வெவ்வேறு வட்டாரங்களைச் சேர்ந்தவை. இருபதாம் நூற்றாண்டுப் பகுதிக்கு முயல் எண்களில் ஒரு பங்கு, தோல்களிலிருந்து வராமல் வினாப்படிவங்களுக்கு வந்த பதில்களிலிருந்து வந்தது. குளிர்காலத்தில் பிடித்த விலங்கின் தோல் கிடங்குக்கு வந்து கணக்கில் ஏறுவதற்குள் ஆண்டு மாறிவிடும். கண்ணி வைப்பவர்களும் தோலின் விலையைப் பார்த்தே எந்த விலங்கைத் தேடுவது என்று முடிவு செய்தார்கள். இவ்வளவும் சேர்ந்த கோடுகளில், எது முந்தியது என்று ஓரிரு ஆண்டுத் துல்லியத்தோடு சொல்ல முடியாது.

எனவே அந்த இரட்டைக் கோட்டு வரைபடத்தை விட்டுவிட்டு, எல்டனும் மேரி நிக்கல்சனும் 1942-இல் தொகுத்து வெளியிட்ட, வடமேற்குக் கனடாவின் மெக்கன்சி ஆற்று வட்டாரத்தின் லின்க்ஸ் கணக்கைப் பயன்படுத்திப் பாருங்கள். 1821 முதல் 1934 வரை, ஒரே வட்டாரம், ஒரே விலங்கு, ஆண்டுக்கு ஓர் எண். புள்ளியியல் மென்பொருள்களில் பயிற்சித் தரவாக இன்றும் எளிதில் கிடைக்கிறது. வரைபடத்தாளைக் கொடுத்து மாணவர்களையே புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஓர் உச்சத்துக்கும் அடுத்த உச்சத்துக்கும் இடையே எத்தனை ஆண்டுகள் என்று எண்ணி, சராசரி காணச் சொல்லுங்கள். ஒன்பதரைக்கும் பத்துக்கும் இடையில் வரும். விரல் வைத்த அந்தப் பையனிடமே முதல் புள்ளியை வைக்கக் கொடுங்கள்.